பொறை கலர்

புதுப்பேட்டைச் சந்தில் இருபக்கமும் தொங்கும் சைலன்சர்களுக்கு நடுவே குனிந்துதான் அண்ணனின் பட்டறைக்குள் போக முடியும்.

"எங்கேர்ந்து ஓட்டினு வர்றே தம்பி?"

"திருவொற்றியூர்லேர்ந்துண்ணே."

"புல்லட்டு பொறந்த ஊராச்சே! அப்ப இன்ஜின் சூடாத்தான் இருக்கும்."

ஆறிய இன்ஜினில் அவர் ட்யூனிங் பார்ப்பதில்லை. என்னுடையது அப்பா ஓட்டிய 1991 மாடல் 350. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் பட்டாசு. முன்பு பார்த்த மெக்கானிக் கார்பரேட்டரைக் குற்றம் சொல்லி, பெரிய பைலட் ஜெட் போட்டுக் காசு வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கார்பரேட்டர் பக்கமே போகவில்லை. பிளக்கைக் கழற்றினார். பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளைன்னா காத்து ஜாஸ்தி. டீக்கடை பொறை கலர் வரணும்."

அடுத்து பிளாட்டினம் பாயிண்ட். ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார், 0.38 மில்லிமீட்டர், குறையில்லை. பிறகு வண்டியை ஓடவிட்டு, கார்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் இரண்டு சொட்டு ஆயில் விட்டார். திக்கிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று சீரானது. ஆயில் உள்ளே போனதும் மறுபடி திக்கல்.

"இங்க ஓசிக் காத்து குடிக்குது."

இரண்டே நட்டு, கழற்றிவிட்டார். கார்பரேட்டரின் முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். நடுவில் பிறை போல வெளிச்சம் கசிந்தது. யாரோ பலம் காட்டி நட்டை முறுக்கியதில் இரண்டு காதும் வளைந்திருக்கின்றன. இன்னும் முறுக்கியிருந்தால் உள்ளே ஸ்லைடே சிக்கியிருக்குமாம். கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்து, லைசென்சுக்கு எட்டு போடுவதுபோலவே தேய்த்தார். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குத்தான் நான் போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மாட்டியதும் வண்டி கரும்புகை கக்கியது. காற்றுக் கசிவை மறைக்கப் போட்ட பெரிய ஜெட்டின் வேலை. நல்லவேளை, பழைய ஜெட் டூல்ஸ் பெட்டியில் கிடந்தது. கம்பி விட்டால் பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும் என்று, பழைய டூத் பிரஷ்ஷின் ஒற்றை நாரை நுழைத்து, ஊதி, வெயிலில் பிடித்துக் காட்டினார். ஊசிமுனையைவிடச் சிறிய வெளிச்சப் புள்ளி.

ஏர் ஸ்க்ரூவை மென்மையாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்தார். அதன்பின் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. கண் தெருவில், காது வண்டியில், விரல் கால் சுற்றுக்கும் குறைவாக அங்கும் இங்கும். சத்தம் ஏறிய இடத்தில் விட்டுவிட்டு, ஐடிலிங்கைத் தணித்தார். ஒவ்வொரு 'டுப்'புக்கும் அம்மீட்டர் முள் தலையாட்டியது.

2020இல் புல்லட்டும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. பக்கத்துக் கடைப் பையன் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிறான். "அவனும் பிளக்க கழட்டித்தான் ஆவணும்" என்றார் அண்ணன்.

மறுநாள் மாமல்லபுரம் வரை ஓட்டிப்போய், ஒரு டீக்கடையில் பொறை வாங்கி, கழற்றிய பிளக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் டீயை ஆற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.