மழையில் கோடிக்கரை

ஆப்பிரிக்கக் காடுகளில் சிங்கமும் யானையும் காண ஆசைப்படாதவர் யார்? எனக்குக் கிடைத்ததோ வேதாரணியத்தை அடுத்த கோடிக்கரை. அதுவும் கார்த்திகை அடைமழையில்! வெளிமான்களைக் காக்க 1967-இல் அமைந்த சரணாலயம் அது.

தஞ்சையிலிருந்து அப்பாவுடன் புறப்பட்டேன். வழியெங்கும் சம்பாப் பயிர் நீரில் மூழ்கிக் கிடந்தது. எங்கள் வயலும் அப்படித்தான். "மழை விட்டால் மான் பார்க்கலாம் அப்பா" என்றேன். "விட்டால் பயிரும் பிழைக்கும் அம்மா" என்றார். பிறகு நான் வாய் திறக்கவில்லை.

அங்கே எங்கும் சேறு. வெகுநேரம் ஒன்றும் தென்படவில்லை. திடீரென்று ஒரு மேட்டில் ஏழெட்டு வெளிமான்கள்! முறுக்கிய கொம்புகளில் நீர் சொட்ட, அசையாமல் நின்றன. தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. மழைநீர்தான் சதுப்பின் உப்பைத் தணித்து, பறவைகளுக்கு இரை பெருகச் செய்கிறதாம். ஆனால் 2018 நவம்பரில் வேதாரணியம் அருகே கரை கடந்த கஜா புயலில் மான்களும் மடிந்தன என்றார் வனக்காவலர்.

வாழவைப்பதும் மழை, வாட்டுவதும் மழை. திரும்பும்போது, மழை நிற்கட்டும் என்று நான் வேண்டவில்லை. அளவோடு பெய்யட்டும் என்றே வேண்டினேன். மூன்றாம் நாள் வயலில் நீர் வடிந்தது. பாதிப் பயிர் தலைநிமிர்ந்தது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி