‘நார்மல்’ என்று சொன்னவன் நான்

ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாகத் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் நான். ரிப்போர்ட் வாங்க வரும் பெண்கள், “முதுகு வலிக்குது, கால்சியம் எப்படி இருக்கு?” என்பார்கள். 9.4 என்று இருந்தால், “நார்மல்மா. எலும்பெல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லி அனுப்புவேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. சொன்னது தப்பு என்பதும் எனக்குத் தெரியும். டிப்ளமோவில் படித்த பாடம்தானே!

உடம்பிலுள்ள கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது சொற்பம். ஆனால் இதயத்துடிப்புக்கு அந்தச் சொற்பம் குறையக் கூடாது. கொஞ்சம் இறங்கினாலும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். அதனால்தான் எலும்பு கரையும்போதும் ரிப்போர்ட்டில் 8.5க்கும் 10.5க்கும் நடுவிலேயே எண் நிற்கிறது. நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்துச் சாப்பிடும் வீட்டிலும் அடுப்பு தினமும் எரியத்தான் செய்யும். நான் அடுப்பைப் பார்த்துவிட்டு, பெட்டி நிறைய நகை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (எண் 11ஐத் தாண்டினால் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. பாராதைராய்டு கோளாறாக இருந்தால், அது எலும்பிலிருந்து உருவிய கால்சியம்.)

என் அக்காவிடமும் இதையேதான் சொன்னேன். “இடுப்பு விட்டுப்போகுதுடா தம்பி” என்று வந்தாள். நானே ரத்தம் எடுத்தேன். “கால்சியம் நார்மல்க்கா, கவலைப்படாத.” அடுத்த மழைக்காலத்தில் கொல்லைப்படியில் வழுக்கி, கையை ஊன்றினாள். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்தது.

எலும்பு டாக்டர் கால்சியம் ரிப்போர்ட்டைக் கையில்கூட வாங்கவில்லை. “மாதவிலக்கு எத்தனை வயசுல நின்னுது?” என்றுதான் முதலில் கேட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, “நாப்பத்திரண்டு” என்றாள். எனக்கு அன்றுதான் தெரியும். அவள் கையில் ஊசி போட்ட நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அக்காவிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடுகிறது. மாதவிலக்கு நின்ற முதல் சில வருஷங்களில்தான் இழப்பு மிக வேகம். அந்த வருஷங்களை நான் ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லால் கடத்திவிட்டேன்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் அவளுடைய டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5 வந்தாலே எலும்புப்புரை. என் பேச்சை நம்பிப் போன மற்ற பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

45 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுவிட்டதா? லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்ததா? உங்கள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததுண்டா? அப்படியானால் ரத்தக் கால்சியத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், டெக்ஸாவும் வைட்டமின் டி பரிசோதனையும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். லேப் கவுன்ட்டரில் நிற்பவனிடம் கேட்காதீர்கள்.