ஏன் செவ்வாய்க்கிழமை?

சென்டர் பின் அடிக்கும் இதழுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் வரும். அதில் பேரம் பேச முடியாது. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் வகுப்பறை ஒன்றில், மாற்று இசை இதழ் ஒன்று தொடங்குவதற்காக மாலைப் பாடங்கள் முடிந்தபின் கூடிய மாணவர்கள் பலகையில் முதலில் எழுதியது எந்த இசைக்குழுவின் பெயரையும் அல்ல. 36 என்று எழுதி அடியில் கோடு போட்டார்கள். அட்டைக்கு நான்கு போனது. விளம்பரத்துக்கு மூன்று. கச்சேரி நாள்காட்டிக்கு நடுப்பக்கம் இரண்டு. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரையும் முகவரியையும் போடச் சொல்கிறது ஜெர்மானியப் பத்திரிகைச் சட்டம். அதற்கும் பொருளடக்கத்துக்கும் சேர்த்து ஒன்று. மிச்சம் 26.

"இனிமேல் பேசலாம்" என்றார் கூட்டத்தை நடத்திய சமூகவியல் மாணவி.

இதழுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இதழ் வராது என்பது அவர்கள் கொள்கை. எனக்கு அது பிடித்திருந்தது. பெயர், முகப்பு ஓவியம், ஆசிரியர் குழு எல்லாம் தயாராகி, முதல் இதழ் மட்டும் வராமல் போன பத்திரிகைகள் நம் ஊரில் உண்டு.

எந்த ஊருக்குப் போனாலும் அங்கே யார் இதழ் நடத்துகிறார்கள் என்று விசாரிப்பது சிறுபத்திரிகை படித்து வளர்ந்தவர்களின் வியாதி. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தினார், 119 இதழ்கள். அவரைப் போன்றவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மடித்த தாளைக் கையில் பிடித்தபடி யாராவது நின்றால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். பீலெஃபெல்ட் மூன்று லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஊர். ஒரு காலத்தில் லினன் துணிக்குப் பேர் போனது. இன்றைக்கு டாக்டர் ஓட்கர் கேக் மாவுக்கு. 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஏறக்குறைய ஒரே பிரம்மாண்டமான கட்டடத்துக்குள் அடங்கிவிடுகிறது. நடுவில் நீண்ட கூடம். அதைச் சுற்றி நூலகம், உணவகம், கடைகள், நீச்சல்குளம்கூட. மழைக்காலத்தில் குடையே எடுக்காமல் படிப்பை முடித்துவிடலாம். மாணவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வானொலி இருக்கிறது: 87.9 மெகாஹெர்ட்ஸில் 'ஹெர்ட்ஸ்'. வந்திருந்தவர்களில் சிலர் அங்கே நிகழ்ச்சி செய்தவர்கள்.

வானொலி இருக்கும்போது காகிதம் எதற்கு? கேட்டேன். ஒலிப் பொறியாளர் வேலை கற்றுக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "வானொலியில் பாட்டைப் போட்டுவிடலாம். பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் போட முடியாது."

அவர்கள் இதழ் தொடங்கும் காலம் இதற்குச் சாதகமானது அல்ல. 2018 என்ற ஒரே ஆண்டில் மூன்று இசை இதழ்களின் அச்சுப் பதிப்பு நின்றது. மார்ச்சில் பிரிட்டனின் 'என்.எம்.இ.', கோடையில் கொலோன் நகரத்திலிருந்து இலவசமாக வந்துகொண்டிருந்த 'இன்ட்ரோ', ஆண்டு முடிவில், 1980இல் அதே ஊரில் தொடங்கிப் பின்னர் பெர்லினுக்குப் பெயர்ந்த 'ஸ்பெக்ஸ்'. இசைத்தட்டு நிறுவனங்களின் விளம்பரம் இணையத்துக்குப் போனதும் இவற்றின் அடித்தளம் ஆடிவிட்டது. ஆனால் 1980களின் இறுதியில் தொடங்கி இதே மாநிலத்திலிருந்து வரும் இரண்டு இதழ்கள் நிற்கவில்லை. ஒன்று டோர்ட்முண்டின் 'விஷன்ஸ்'. மற்றது ஸோலிங்கனிலிருந்து வரும் பங்க் இதழ் 'ஓக்ஸ்'. ஸ்பெக்ஸ் கோட்பாடு பேசியது, ஓக்ஸ் ஆயிரக்கணக்கான சின்ன இசைத்தட்டுகளுக்குச் சலிக்காமல் மதிப்புரை எழுதியது. பிழைத்தது எது என்பதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன். ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

முடிவு இதுதான்: பொருள் கொண்டு வராதே, கேள்வி கொண்டு வா.

ஒரு செருப்புப் பெட்டியில் அட்டைகள். முன்பக்கம் ஒரே ஒரு வாக்கியம், அது கேள்விக்குறியில் முடிய வேண்டும். பின்பக்கம் மூன்று வரி: யாரைப் பார்க்க வேண்டும், எங்கே போக வேண்டும், எத்தனை பக்கம். பின்பக்கம் எழுத முடியாத அட்டை பெட்டிக்குள் போகாது.

முதல் அட்டையைப் படித்தவர் முதலாண்டு மாணவர். "நம் ஊரின் மாற்று இசைச் சூழல்" என்று எழுதியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் எவரும் ஏற்கவுமில்லை. "இதை எழுத எங்கே போவாய்?" என்று கேட்டார் சமூகவியல் மாணவி. அந்த மாணவர் சுய மேலாண்மையில் நடக்கும் ஏ.ஜே.ஸெட். இளைஞர் மையத்தின் பெயரைச் சொன்னார். எங்கர் என்ற சிற்றூரிலிருந்து பெயர்ந்து வந்த 'ஃபோரம்' அரங்கைச் சொன்னார். போர்க்காலப் பதுங்குகுழிக்குள் ஜாஸ் நடக்கும் 'பங்கர் உல்மன்வால்' பெயரும் வந்தது. "போய் என்ன கேட்பாய்?" பையனிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார்: "எனக்குப் பிடித்த வெளிநாட்டு பாண்டுகள் எல்லாம் இங்கே செவ்வாய்க்கிழமைதான் வருகின்றன. மறுநாள் காலையில் எனக்கு வகுப்பு இருக்கும்."

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏன் செவ்வாய்க்கிழமை?

பிறகு அரை மணி நேரம் அந்தக் கேள்வியைப் பிரித்துப் போட்டார்கள். ரூர் பகுதியிலிருந்து ஹனோவர் வழியாக பெர்லின் போகும் ஏ2 நெடுஞ்சாலை இந்த ஊரை ஒட்டிப் போகிறது. வெள்ளியும் சனியும் பெரிய ஊர்களுக்கு. நடுவில் சும்மா ஓட்டினால் டீசல் நஷ்டம். அதனால் வார நாளில் ஒரு நடுத்தர ஊர்: இரவுச் சாப்பாடு, படுக்க இடம், வண்டிச் செலவு கிடைத்தால் போதும் என்று வாசிக்கிறார்கள். இது ஊகம்தான் என்பதை ஒருவர் நினைவூட்டினார். அதைச் சரிபார்ப்பதுதான் கட்டுரை. அட்டையின் பின்பக்கம் நிரம்பியது. கச்சேரியை ஏற்பாடு செய்பவர், வேன் ஓட்டுபவர், குழுவுக்குச் சமைப்பவர், புதன்கிழமை காலை தரையைத் துடைப்பவர். நான்கு பக்கம் கொடுத்தார்கள். பாடகரைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் அந்த மாலையின் மிக நல்ல பத்திரிகை முடிவாகத் தோன்றியது.

அடுத்த அட்டை சட்டம் சம்பந்தப்பட்டது. ஜெர்மனியில் இசை உரிமைத் தொகை வசூலிக்கும் அமைப்பு கேமா. பொது இடத்தில் வாசிக்கப்படும் இசை தன் உறுப்பினர்களுடையது என்றே அது எடுத்துக்கொள்ளும். நீதிமன்றங்களும் இந்த அனுமானத்தை ஏற்றிருக்கின்றன. 'எங்கள் பாட்டு எதுவும் கேமாவில் பதிவானதல்ல' என்றால், அதைக் காட்ட வேண்டியது கச்சேரி நடத்துபவர் பொறுப்பு. மேடையில் பாடிய பாட்டுகளின் பட்டியல், எழுதியவர் பெயர்கள் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பங்க் கச்சேரி முடிந்த அதிகாலையில், வியர்வையில் நனைந்த டிரம்மரிடம் போய் 'உன் மூன்றாவது பாட்டை எழுதியது யார்?' என்று ஒருவர் படிவத்தோடு நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் படிவத்தோடு நிற்பவரைப் பற்றியதுதான் கட்டுரை. மூன்று பக்கம்.

தள்ளிய அட்டைகளும் உண்டு. காஸ்பர் என்ற ராப் பாடகர் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2011இல் அவருடைய 'எக்ஸ்-ஓ-எக்ஸ்-ஓ' தொகுப்பு ஜெர்மானியப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஊர்ப் பெருமை. ஆனால் அவரைப் பற்றிக் கேட்க இவர்களிடம் புதுக் கேள்வி இல்லை, அட்டை கிழிந்தது. இன்னொன்று 'பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே இல்லை' என்ற நகைச்சுவை. 1994இல் ஆகிம் ஹெல்ட் என்ற மாணவர் இணையத்தில் விளையாட்டாக எழுதிவிட்டது; ஜெர்மனி முழுக்க இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 25 ஆண்டு நிறைவை ஒட்டி 2019இல், ஊர் இல்லை என்று நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ தருவதாக நகராட்சியே அறிவித்தது. இதழில் இந்த நகைச்சுவை எந்த வடிவிலும் வரக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பொறுத்திருப்பார்கள் என்பது அந்தத் தீர்மானத்தின் வேகத்தில் தெரிந்தது.

மதிப்புரை என்று வந்தபோதுதான் சண்டை. சின்ன ஊர். விமர்சகரும் கிட்டார்காரரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பார்கள், பாத்திரம் கழுவும் முறைப் பட்டியலில் இருவர் பெயரும் இருக்கும். நண்பனின் குழுவுக்கு மதிப்புரை எழுதக் கூடாது என்று விதி வைத்தார்கள். பிறகு பார்த்தால் எழுத ஆளே மிஞ்சவில்லை. ஒருவர் பேட்டியாகப் போடலாமே என்றார். அது இன்னும் சிக்கல்: பேட்டியை அச்சுக்கு முன் கொடுத்தவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது இங்கே வழக்கம், அவர் தனக்குப் பிடிக்காததைத் திருத்தித் தருவார். கடைசியில், மதிப்புரையின் அடியில் 'எழுதியவருக்குக் குழுவோடு உள்ள உறவு' என்று ஒரு வரி சேர்ப்பதாக முடிவானது. நம் ஊர் இலக்கியப் பத்திரிகைகள் இந்த ஒரு வரியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டால் பல மதிப்புரைகளுக்கு அந்த வரியே மதிப்புரையைவிட நீளமாகிவிடும்.

அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் எனக்கு நிக்லாஸ் லுமான் நினைவு வராமல் இல்லை. சமூகவியலாளர் லுமான் இந்தப் பல்கலைக்கழகம் உருவானபோதே பேராசிரியராக வந்தவர். 1950களிலிருந்து துண்டுச் சீட்டுகளில் குறிப்பெழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஒன்றை இன்னொன்றோடு எண்ணாலேயே கோர்த்துக்கொண்டு போனார். சுமார் 90,000 சீட்டுகள். 1998இல் அவர் மறைந்தபின், 2011இல் பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இப்போது எண்மமாக்கி வருகிறார்கள். சமூகவியல் மாணவியிடம் இதைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார். இங்கே அட்டையைக் கையில் எடுத்தாலே எல்லோரும் லுமானைச் சொல்கிறார்களாம். "அவருடைய பெட்டி நிரம்ப வேண்டியது. எங்கள் பெட்டி காலியாக வேண்டியது" என்றார். சரிதான். இதழ் வேலையில் சேர்த்து வைத்த எண்ணம் புளித்துப்போகும்.

அச்சு பற்றிக் கொஞ்சம். ரிஸோ இயந்திரத்தில் அடிக்கப் போகிறார்கள். பார்க்க ஜெராக்ஸ் இயந்திரம் போலிருக்கும்; உள்ளே ஸ்கிரீன் பிரிண்டிங் தத்துவம். ஒரு தடவைக்கு ஒரு நிறம். இரண்டாவது நிறம் வேண்டுமென்றால் உருளையை மாற்றி, அதே தாளைத் திரும்ப விட வேண்டும். இரண்டு நிறமும் மயிரிழை விலகித்தான் விழும். இவர்களுக்கு அந்த விலகல் பிடிக்கும். அச்சானதும் இரண்டு பிரதியை ஜெர்மன் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டியது சட்டக் கடமை. செருப்புப் பெட்டியில் பிறந்த இதழ் தத்துவவாதி ஹைடெக்கரின் நூல்கள் இருக்கும் கிடங்குக்குள் சட்டப்படியே போய் உட்காரும்.

அறையில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இவர் இங்கே பிறந்தவர். கூட்டம் முழுக்க ஜெர்மனில் பேசியவர், இடைவேளையில் என் பக்கம் வந்தார்.

"அக்கா, நான் ஒரு காட் எழுதி வச்சிருக்கிறன். போடலாமோ எண்டு யோசனையாக் கிடக்கு."

ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. 2002இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவே 17 மீட்டர் கோபுரத்தோடு நிற்கிறது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஈழத் தமிழர்கள் திரள்கிறார்கள். இவருடைய அட்டை அந்தத் திருவிழாவின் தவில், நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. மாற்று இசை இதழில் கோயில் மேளமா என்று கேட்பார்களோ என்ற தயக்கம்.

நான் பதில் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் இசை எழுத்து என்பது மார்கழிக் கச்சேரி விமர்சனம் அல்லது சினிமாப் பாட்டு என்றுதான் இருக்கிறது. கானாவுக்கும் பறைக்கும் பக்கம் ஒதுக்கிய பத்திரிகைகளை விரல் விட்டு எண்ணலாம். ராக் இசைக்கே இந்தியாவில் ஒரு நிலையான இதழ் வர 1993 ஆனது, அதுவும் மும்பையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவில்லை. அலகாபாத்திலிருந்து அமித் செய்கல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' அது. எது எந்த இதழுக்குரிய இசை என்று சொல்லும் தகுதி எனக்கு எப்படி வரும்?

இடைவேளை முடிந்ததும் அவரே எழுந்து படித்தார். எதிர்பார்த்த கேள்வி வந்தது. அவர் ஜெர்மனில் சொன்ன பதிலைப் பிறகு எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்: "இஞ்ச இருக்கிற தவில் வித்துவான்மாரும் வேனிலைதான் திரியினம், அக்கா. கோடை முழுக்கத் திருவிழா. இண்டைக்கு ஹம், அடுத்த கிழமை பாரிஸ், பிறகு சுவிஸ். மற்ற நாளிலை வேற வேலை. உங்கட பாண்டுகள் செவ்வாய்க்கிழமை இஞ்ச வந்து வாசிக்கிற கதையும் இதுதானே எண்டு கேட்டன்."

வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. சமூகவியல் மாணவி பலகையில் மிச்சமிருந்த பக்கங்களை எண்ணினார். ஐந்து இருந்தது. "நான்கு" என்றார். ஒலிப் பொறியாளர் குறுக்கிட்டு, திறந்தவெளியில் தவில் சத்தத்துக்கு மைக் எங்கே வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், தானும் வருகிறேன் என்றார். அதற்காக அந்த ஐந்தாவது பக்கத்தையும் கேட்டார். தமிழ்ப் பெண் கொடுக்க மறுத்தார். அந்தப் பக்கத்தில் கலைஞர்களின் பயணச் செலவை யார் கட்டுகிறார்கள், எவ்வளவு கட்டுகிறார்கள் என்ற கணக்கு வர வேண்டுமாம்.