கதவுகளை எண்ணிய காலை

தில்லியில் குளிர் சற்றே தளரும் நாட்களில் பழங்காலக் கார்கள் வீதியில் அணிவகுப்பது நெடுநாள் வழக்கம். ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964-இல் தொடங்கிய ஓட்டம் அவற்றுள் பெயர் பெற்றது. அதுவன்றி, கார்ப் பித்தர்கள் சிலர் சிறு சங்கமாகக் கூடி, ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு வண்டிகளுடன் நகரை வலம் வருவதும் உண்டு. அத்தகைய ஓட்டம் ஒன்றைக் காண நாங்கள் இந்தியா கேட் அருகே சென்றிருந்தோம். நாங்கள் என்றால் கணவன் மனைவி இருவர், பள்ளியில் பயிலும் மகள், கும்பகோணத்தில் தனித்திருக்க விடாமல் நாங்கள் அழைத்து வந்துவிட்ட எண்பத்து மூன்று வயதுத் தந்தை. எங்களில் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு மாமனார், இருவருக்கும் அப்பா.

வந்து எட்டு மாதங்கள் ஆகியும் அவர் இந்நகரோடு ஒட்டவில்லை. இந்தி தெரியாது. பால்கனியில் அமர்ந்து வீதியைப் பார்ப்பார். கேட்டதற்கு மட்டும் விடை சொல்வார். அவரைப் பேச வைக்கும் ஆசையால்தான் அன்று அழைத்துச் சென்றோம்.

வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் பெயரும் ஆண்டும் எழுதிய அட்டை இருந்தது. அட்டையைப் பாராமல் பெயர் சொல்ல வேண்டும் என்று மகள் ஒரு போட்டி வைத்தாள். நாங்கள் தோற்றுக்கொண்டே போனோம். முகப்பில் சிறகு விரித்த பெண்ணுருவைக் கண்டு ரோல்ஸ் ராய்ஸ் என்று சொன்னது ஒன்றே எங்கள் வெற்றி. அதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. 1911 முதல் அந்த உருவமே அதற்கு முத்திரை.

அப்பாவோ மெல்ல மெல்ல முன்னே நடந்தார். முகப்பில் சதுரங்கக் கட்டம் போன்ற கம்பியிருந்த அம்பாஸடரைக் காட்டி, "இது மார்க் டூ பாப்பா. கம்பி கிடைமட்டமாகப் படுத்திருந்தால் மார்க் த்ரீ" என்றார். 1957-இல் பிறந்து 2014-இல் ஓய்ந்த அவ்வண்டியை ஒரே வண்டி என்றுதான் நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம். மாரிஸ் மைனரின் முன் கண்ணாடி நடுவில் பிளவுபட்டிருந்தால் அது 1956-க்கு முந்தையது என்றார். பக்கவாட்டுத் தூணிலிருந்து சிறு கைபோல் நீண்டு, திரும்பும் திசை காட்டும் கருவியைத் தொட்டுக் காட்டினார். பழைய ஃபியட்டின் முன்கதவு பின்புறமாகக் கீல் பெற்று எதிர்த்திசையில் திறப்பதை விளக்கி, "ஓடும்போது தாழ் விட்டால் காற்றே கதவைப் பிய்த்துவிடும்" என்றார். எட்டு மாதங்களில் அவர் பேசிய பேச்சைவிட அந்த அரை மணியில் பேசியது மிகுதி.

வரிசையின் கடைசியில் வெளிர்நீல ஹெரால்டு ஒன்று நின்றது. அருகிருந்த இளைஞர் ஒருவர் தம் நண்பரிடம், இது இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான டிரயம்ப் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு எங்களிடம், "இங்கிலாந்து ஹெரால்டுக்கு நான்கு கதவு ஏது? நான்கு கதவு இங்கே மட்டும்தான் செய்தார்கள். இது நம் மெட்ராஸ் வண்டி" என்றார். உண்மைதான். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த அக்காரை ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் 1961 முதல் சென்னையில் செய்தனர். நான்கு கதவு வடிவம் இந்தியாவுக்கே உரியது. வண்டியின் உரிமையாளரான சீக்கியப் பெரியவரிடம் நாங்கள் இதை இந்தியில் சொன்னோம். அவர் மகிழ்ந்து அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டார்.

அப்போதுதான் மகள் பெருமையோடு அவரிடம் சொன்னாள்: "எங்கள் தாத்தாவிடமும் இதே கார் இருந்தது."

அவள் பொய் சொல்லவில்லை. நாங்கள் சொன்னதைச் சொன்னாள். தில்லிக்கு வந்த புதிதில், அலுவலக நண்பர்கள் தத்தம் குடும்பப் பெருமையை அளந்தபோது, எங்கள் வீட்டிலும் ஹெரால்டு இருந்தது என்று ஒருநாள் சொல்லிவைத்தோம். பின் அதை மாற்ற இயலவில்லை. இம்மலரைப் படிப்போரிலும் சிலர் அதைக் கேட்டிருக்கக்கூடும்.

அவள் என்ன சொன்னாள் என்று அப்பா கேட்டார். மொழிபெயர்க்க எங்களுக்கு நா எழவில்லை. அவளே தமிழில் சொன்னாள். அப்பா எங்களைப் பார்க்கவில்லை. அதுவே கடுமையாக இருந்தது. அவளிடம் குனிந்து, "இருந்தது டாக்டர் ஐயாவிடம், பாப்பா. நான் அவருக்கு டிரைவர். பதினோரு வருஷம் ஓட்டினேன். அதை அவரிடம் சரியாகச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். பெரியவர் ஒன்றும் வியக்கவில்லை. வண்டியின் இருபுறமும் இருந்த கொக்கிகளைக் காட்டி, அப்பாவைக் கையசைத்து அழைத்தார். ஒருவர் மொழி ஒருவர் அறியாத இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கொக்கியை விடுவித்தனர். முன் சக்கரக் காப்புகளோடு சேர்ந்து முகப்பு முழுதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து, எஞ்சின் வெளிப்பட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார். நள்ளிரவில் பிரசவம் பார்க்கக் கிராமங்களுக்கு டாக்டரைக் கொண்டு சேர்த்த வழிகளையும், காவிரிக் கரை மண்சாலைகளையும் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுக் காட்டினார். நாங்கள் இதுவரை கேட்டறியாத கதைகள் அவை. கேட்டிருந்தால், அவர் டிரைவராக இருந்ததையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நடுவண் அரசு 2021-இல் வகுத்த விதிப்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்குப் பழம்பெருமை வண்டி என்ற தகுதி உண்டு; தனி எண் பலகையும் உண்டு. ஆனால் அதை உருமாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்பாவின் வாழ்வை உருமாற்றிக் காட்டியவர்கள் நாங்கள்.

அன்றிரவு மகள் எங்களிடம் கேட்டாள்: "டிரைவர் என்று சொன்னால் என்ன?" பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம், வந்த இடத்தில் எதை எதையோ கூட்டிச் சொல்கிறோம், எதை எதையோ மறைக்கிறோம். அவளுக்கு அன்று எங்களால் விடை சொல்ல இயலவில்லை. அதனால் இதை இங்கே எழுதுகிறோம்: எங்கள் தந்தை டிரைவர். ஹெரால்டு காரைப் பதினோரு ஆண்டுகள் ஓட்டினார். அடுத்த ஓட்டத்திற்குத் தம் வண்டியில் அமர்ந்து வருமாறு அப்பெரியவர் அவரை அழைத்திருக்கிறார்.