சூளையில் ஒரு இங்கிலீஷ் கிளாஸ்

பொங்கல் லீவுக்கு உத்திரமேரூர் போயிருந்தபோது சித்தி மகள் ஒரு வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினாள். வியட்நாமில் ஆறு மாதம் தன்னார்வலராக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கலாம். தங்குமிடம், சாப்பாடு இலவசம். 'பயிற்சிக் கட்டணம்' மட்டும் ஒன்றரை லட்சம். பி.ஏ. ஆங்கிலம் முடித்த அவளும் கூடப் படித்த இரண்டு தோழிகளும் கிளம்பத் தயார்.

"நீதான்க்கா எங்களுக்கு கைடு பண்ணணும்!"

என்னைக் கேட்கக் காரணம் உண்டு. டிப்ளமோ படித்தபோது இல்லம் தேடிக் கல்வியில் நான் தன்னார்வலர். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சாயங்காலமானால் எங்கள் திண்ணையில் பதினெட்டுப் பிள்ளைகள். உண்மையைச் சொல்கிறேன், நான் சுமாரான டீச்சர். "ரிவர்னா ஆறு, மவுன்டன்னா மலை" என்று எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லி முடித்துவிடுவேன். பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. வியட்நாமில் இவர்களுக்கு அந்தத் தமிழும் கைகொடுக்காதே!

மூன்று பேரையும் ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்துச் செங்கல் சூளைக்குக் கூட்டிப்போனேன். மழைக்காலம் முடிந்ததும் ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே கல் அறுக்க வருவார்கள். பிள்ளைகளுக்கு ஒடியாதான் தெரியும். இவர்களுக்கோ ஒடியாவில் ஒரு எழுத்து தெரியாது. வியட்நாமுக்குப் போகும் முன் இதைவிட நல்ல ஒத்திகை ஏது?

"கம் ஹியர்" என்றாள் தங்கச்சி.

"கம் ஹியர்!" என்று பன்னிரண்டு பிள்ளைகளும் கோரஸாகக் கத்தினார்கள். யாரும் நகரவில்லை.

"நோ, நோ. கம்!"

"நோ நோ கம்!"

நான் சிரித்ததில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தப்புதான். அடுத்த வாரம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு தோழி "கம் ஹியர்" என்பாள், இன்னொருத்தி ஓடி வருவாள், பந்து கைக்கு வரும். மூன்றாவது தடவை எட்டு வயசுப் பெண் ஒருத்தி தானாக எழுந்து ஓடிவந்தாள். அவளிடமிருந்துதான் தண்ணீருக்கு 'பாணி', செங்கல்லுக்கு 'இட்டா' என்று நாங்கள் கற்றுக்கொண்டோம்.

உச்சரிப்பிலும் வேலை இருந்தது. வியட்நாம் பிள்ளைகள் இங்கிலீஷ் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்கிவிடுவார்கள். நாமோ கடைசியில் ஒரு 'உ' சேர்ப்போம்: பஸ்ஸு, புக்கு. முதலில் நம் 'உ'வைக் கழற்ற வேண்டாமா?

இதெல்லாம் சந்தோஷமான பகுதி. அந்த ஒன்றரை லட்சம் சித்தியின் சீட்டுப் பணம். என் டெஸ்கில் கம்போடியா, மியான்மருக்கு 'டேட்டா என்ட்ரி' வேலை என்று போய் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய நம் ஊர்ப் பையன்களின் செய்திகளை எத்தனையோ முறை பதிவேற்றியிருக்கிறேன். அதனால் மூன்று கேள்விகளை எழுதிக்கொடுத்தேன். 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவான ஏஜென்ட்டா? (இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.) சட்டப்படி அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தானே வாங்கலாம், ஒன்றரை லட்சம் எதற்கு? என்ன விசா?

"டூரிஸ்ட் விசா, அங்க போய் மாத்திக்கலாம்" என்று பதில் வந்தது. பதிவு எண் கேட்டதும் எங்களை பிளாக் செய்துவிட்டார்கள்.

"பொண்ணு ஃபாரின் போறது உனக்குப் பொறுக்கலை" என்றார் சித்தி. இரண்டு வாரம் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை.

இப்போது மூவரும் 120 மணி நேர டெசால் சான்றிதழ் வகுப்பில் இருக்கிறார்கள். வேலை அனுமதிக்கு அதையும் பட்டத்தையும் கேட்பார்கள். பள்ளிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கப் போகிறார்களாம்.

ஜூனில் சூளை வேலை முடிந்தது. மூட்டை முடிச்சுகளோடு வேனில் ஏறிய அந்த எட்டு வயசுக்காரி, வண்டி நகரும்போது தங்கச்சியைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினாள்:

"கம் ஹியர்!"

தங்கச்சி நாலு அடி ஓடிவிட்டு நின்றாள்.