வெறுங்காலும் வலக் கணுக்காலும்

கராத்தே என்றதும் எல்லாரும் ஓடு உடைக்கும் கையை நினைக்கின்றனர். பாதத்தை நினைப்பார் அரியர். தில்லியில் இரண்டாண்டுகளாக அதனைப் பயின்றுவரும் எனக்கோ எண்ணமெல்லாம் வலக் கணுக்காலில்தான். பள்ளி நாளில் மும்முறை சுளுக்கிய கால் அது.

சுளுக்கு என்பது பெரும்பாலும் கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் இழுபடுவதே. வீக்கம் வடிந்துவிடும். ஆனால், பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மங்கிவிடுவதுண்டு. அதனால் அதே கால் மீண்டும் மடங்குகிறது.

சுழன்று உதைக்கும்போது உடலின் பளு முழுதும் ஊன்றிய காலில். அந்தப் பாதமும் உடன் திரும்பவேண்டும். உள்ளங்கால் தரையில் ஒட்டிக்கொண்டால் திருகல் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போய்ச் சேரும். உராய்வைப் பற்றிப் பௌதிக மாணவனுக்கு இதைவிடத் தெளிவான பாடம் உண்டோ? சனவரிக் குளிரில் மொசைக் தரை வேறு! பாதம் இருக்கிறதா என்றே ஐயம் வந்துவிடும்.

“அதை விட்டுவிடேன் அப்பா” என்று தொலைபேசியில் கெஞ்சுகிறார் அம்மா. மருத்துவரோ, ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். முதலில் அரை நிமிடம், பழகியபின் கண்களை மூடிக்கொண்டு. பல் துலக்கும் வேளையில் நிற்கிறேன். விடுதியில் எனக்குக் கொக்கு என்று பெயர்.

ஆசிரியர் துணிப்பட்டி சுற்றிக்கொள்ள இசைந்தார். மெல்லிய காலணிக்கு இசையவில்லை. வாயிலிலேயே காலணியைக் கழற்றுவது அக்கலையின் மரபாம். மரபு நன்று, ஆனால் நோயுற்ற காலுக்கு ஒரு விலக்கு அளித்தால் மரபு தேய்ந்தா போகும்?

அடுத்த மாதம் பச்சைப் பெல்ட் தேர்வு. வலக்காலை ஊன்றி இடக்காலால் உதைக்கவேண்டும். நேற்றுக் கண்மூடி இருபது விநாடி நின்றேன்.