விக்கிரவாண்டி டோல்கேட்ல ஒரு 'இஃப்... எல்ஸ்'!

சென்னையில இருந்து ஊருக்குப் போற பஸ்ல ஜன்னலோர சீட்டா? அப்போ திண்டிவனம் தாண்டினதும் ஹெட்போனைக் கழட்டிடுங்க. அடுத்து விக்கிரவாண்டி. நமக்கெல்லாம் அது மோட்டல் டீயும், பண்டிகை நேரத்து டோல்கேட் கியூவும்தான். ஆனா, புரோகிராமிங்னா லேப் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்றதுன்னு நினைக்கிற ஆளா இருந்தா, அந்த கியூவுல கொஞ்சம் முழிச்சிருங்க.

ஒரு வண்டி வருது. டூ வீலரா? கட்டணம் இல்லை. ஆம்புலன்ஸா? கேட்காம விடு. மத்ததா? ஃபாஸ்டேக் வேலை செய்யுதான்னு பாரு. செஞ்சா கார், பஸ், லாரின்னு ரகம் பிரிச்சு காசை எடு. 24 மணி நேரத்துக்குள்ள திரும்பி வந்தா, போக வர சேர்த்து ஒன்றரை மடங்குதான். முடிஞ்சுதா? அடுத்த வண்டி!

இதை அப்படியே ஒரு வெப் பேஜா பண்ணலாம். நோட்பேட் போதும். ஹெச்.டி.எம்.எல்.ல ஒரு பெட்டி, ஒரு பட்டன். அமுக்கினா பதில் சொல்ல ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை உருவாக்கின மொழி அது.

நான் எழுதினப்போ முதல் கேள்வியா 'ஃபாஸ்டேக் இருக்கா?'ன்னு வச்சேன். ஒரு எரர்கூட வரலை. ஆனா, என் டோல்கேட்ல ஆம்புலன்ஸுக்கு டபுள் சார்ஜ்! பக்கத்துல முண்டியம்பாக்கத்துலதான் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நிஜ டோல்கேட்டை நான் எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் சரி. கேட்ட வரிசைதான் தப்பு. ஒரு வரியைத் தூக்கி மேலே வச்சேன். சரியாச்சு.

பிரச்னையைத் துண்டு துண்டாக்கி, எது முதல், எது அடுத்துன்னு பார்க்கிற இந்தப் புத்திக்குத்தான் 'கம்ப்யூட்டேஷனல் திங்கிங்'னு பேரு. எழுதப் படிக்கத் தெரியற மாதிரி இதுவும் எல்லோருக்கும் வேணும்னு பேராசிரியர் ஜேனட் விங் 2006-ல் ஒரு கட்டுரையில வாதாடினார். கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு மட்டும்னு அவர் சொல்லலை. பி.ஏ. வரலாறு, நீங்களும்தான்!

இன்னொரு கூத்து. ஃபாஸ்டேக் இல்லைன்னா இரட்டைக் கட்டணம்னு இருந்ததை, யூ.பி.ஐ.யில கட்டினா ஒன்றேகால் மடங்குன்னு 2025 நவம்பர் 15-ல் மாத்தினாங்க. மனப்பாடம் பண்ணவன் திரும்ப முதல்ல இருந்து உருப்போடணும். புரிஞ்சு எழுதினவனுக்கு ஒரே ஒரு வரி வேலை.

டோல்கேட் சலிச்சுப்போச்சா? விக்கிரவாண்டியிலேயே ரோடு பிரியுது. நேரா போனா விழுப்புரம், திருச்சி. இடதுபக்கம் திரும்பினா பண்ருட்டி, கும்பகோணம், தஞ்சாவூர். அடுத்த 'இஃப்' அங்கே நிக்குது. டீயைக் குடிச்சிட்டு எழுதுங்க, கண்டக்டர் விசில் அடிக்கறதுக்குள்ள!